வெளிநாட்டு ஆட்களை எடுப்பதால் முதலாளிக்கு என்ன லாபம்?

கேள்வி இதுதான்: வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதில் முதலாளிமாருக்கு என்ன நன்மை, சம்பளம் குறைவு என்பது மட்டும்தானா?

சம்பளம் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், எடுத்த ஆள் எடுத்த இடத்திலேயே நிற்பான் என்பது. இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கட்டாரில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சூப்பர்வைசராக டியூட்டி லிஸ்ட் போட்டவன் நான். அதை வைத்துச் சொல்கிறேன்.

விசா, டிக்கெட், மெடிக்கல், தங்குமிடம், சாப்பாடு, போக வர பஸ் எல்லாவற்றையும் முதலாளியே ஏற்றால் வெளிநாட்டு ஆள் அப்படியொன்றும் மலிவில்லை. (பல இடங்களில் இதில் ஒரு பங்கை ஏஜென்சி மூலம் ஆளின் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள்.) அப்படியும் ஏன் எடுக்கிறார்கள்? பெருநாள் லீவில் ஹோட்டல் நிறைந்திருக்கும். இரவு ஷிப்டுக்காரனுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்கள் தங்கும் கேம்புக்கு ஒரு கோல் எடுப்பேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த வேனில் வந்து இறங்குவான். ஓவர்டைம் என்றால் அவனுக்குச் சந்தோஷம்; வந்ததே உழைக்கத்தானே. அந்த ஊரில் அவனுக்குக் கல்யாண வீடு கிடையாது, சாவீடு கிடையாது, பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப்போகும் வேலையும் கிடையாது. அதெல்லாம் இங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் நடக்கும், அவன் போனில் பார்த்துக்கொள்வான். இது எவ்வளவு பெரிய வசதி என்பது லிஸ்ட் போடுகிறவனுக்குத்தான் தெரியும்.

இந்த வசதியை எங்கள் மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். கோப்பித் தோட்டம் போட்ட காலத்தில் கண்டிச் சிங்களக் கிராமத்தவர்கள் காடு வெட்டிக் கொடுக்க வந்தார்கள். நாட்கூலிக்கு நிரந்தரமாக நிற்க மாட்டோம் என்றார்கள். வயலும் வீடும் பக்கத்திலேயே இருந்தால் யார்தான் நிற்பார்கள்? அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்து எங்கள் சனம் மன்னாரில் இறங்கி மாத்தளை வரை நடந்தது, வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கோப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் ஆள் இருந்தால் போதும், முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். 1869இல் தொடங்கிய இலை நோயில் கோப்பி அழிந்து, தேயிலை பரவியதும் நிலைமை மாறியது. கொழுந்து ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை, வருஷம் முழுக்க எடுக்கவேண்டியது. ஆகவே குடும்பத்தோடு ஆள், மலையடியிலேயே லயம், விடியமுன் ஆட்களை எழுப்பும் தப்பு மேளச் சத்தம், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களம். கேம்புக்கு நான் எடுத்த போன் கோலுக்கும் அந்தத் தப்புக்கும் வேலை ஒன்றுதான்.

ஆள் பிடிக்கும் தலைவலியும் துரைக்கு இருக்கவில்லை. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி தன் ஊர்க்காரர், சொந்தக்காரர்களையே கூட்டிவந்தார். அவர்கள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு. வழிச்செலவு ஆளின் கடனாக எழுதப்படும். கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறேன் என்று துரை ஒரு துண்டு எழுதிக்கொடுப்பார். புதுத் தோட்டம் கட்டும், அந்தத் தொகை மறுபடியும் இதே ஆட்களின் தலையில் ஏறும். 1921இல்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

கடனைக் கழித்துவிட்டுப் பார்த்தால், சொந்தபந்தம் மூலம் ஆள் எடுப்பது இன்றும் முதலாளிக்கு நல்ல வழிதான். நன்றாக வேலை செய்கிற பையனிடம் “உங்கள் ஊரில் வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று எங்கள் மேனேஜர் கேட்பார். அவன் மச்சானைச் சொல்வான். மச்சான் வேலையில் சொதப்பினால் வெட்கம் இவனுக்கு, அதனால் இவனே பக்கத்தில் நின்று பழக்கிவிடுவான். மொழியும் ஒரு லாபம். தோட்டத்துப் பையன் தமிழும் சிங்களமும் பேசியபடியே விமானம் ஏறுகிறான், கொஞ்ச நாளில் ஹிந்தி வந்துவிடும், கேரளக்காரரோடு மலையாளமும் ஒப்பேற்றுவான். இதற்கென்று ஒருவரும் சம்பளம் கூட்டிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சரி, ஆள் ‘நிற்கிறான்’ என்றேனே, அது தானாக நிற்பதா, போக வழியில்லாமல் நிற்பதா? கட்டாரில் முன்பு வேறு கம்பெனிக்கு மாறப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் வேண்டும். 2020இல் அந்த நிபந்தனையை எடுத்தார்கள், 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால் என்றும் வந்தது. நடைமுறையில் இழுபறி இருந்தது உண்மை. ஆனாலும் நான் பார்த்தவரை, சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்த கம்பெனிகளிலிருந்துதான் ஆட்கள் கழன்றார்கள். நேரத்துக்குச் சம்பளம் போட்டு, கேம்பில் ஏசி ஒழுங்காக ஓடிய இடங்களில் அவ்வளவாக யாரும் அசையவில்லை.

சவூதியிலும் 2021இல் இப்படியொரு மாற்றம் வந்தது, ஆனால் வீட்டு வேலை செய்கிறவர்களை அதில் சேர்க்கவில்லை. எங்கள் லயங்களிலிருந்து போகிற அக்காமார் பெரும்பாலும் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். சமையல், பிள்ளை, வயசானவர்கள், உடுப்புத் துவைப்பது எல்லாவற்றுக்கும் இரவு பகலாக ஒரே ஆள். முதலாளிக்கு இதைவிட லாபமான ஏற்பாடு உலகத்தில் இல்லை. அதை ‘நன்மை’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் ஆள் எடுக்கப்போகிறவர் என்றால், ஏஜென்சிக் காசை நீங்களே கட்டுங்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வந்தவன் லீவு நாளில் கள்ளமாக வேறெங்காவது வேலை செய்வான், மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு உங்களிடம் வருவான். ஒப்பந்தத்தை அவனுக்கு விளங்கும் மொழியில், அவன் ஊரில் இருக்கும்போதே காட்டுங்கள். பாஸ்போர்ட் அவனிடமே இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்து லீவில் போனவன் திரும்பி வருகிறேன் என்றால் டிக்கெட் காசுக்கு யோசிக்காதீர்கள். புது ஆளுக்கு விசா எடுத்து, பழக்கி, லிஸ்டில் தனியாகப் பெயர் போடும் வரை ஆகிற செலவு அதைவிடக் கூட.