நகைக்கடைக்கு எதற்கு அரசியல்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

2020இல் தனிஷ்க் தன் விளம்பரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது கோழைத்தனம் என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகைக்கடைக்காரர் நகை விற்கட்டும். இந்துவும் முஸ்லிமும் எப்படி வாழ வேண்டும் என்று அவர் ஏன் நமக்குப் பாடம் எடுக்க வேண்டும்?

நான் திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறேன். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் ரசீது புத்தகத்தோடு வருவார்கள். ஆளுக்குத் தகுந்தபடி கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். யாரிடமும் கருத்துச் சொல்வதில்லை. பெரிய கம்பெனிகளும் அப்படி இருந்துவிட்டுப் போனால் என்ன?

அந்த விளம்பரத்துக்குப் பிறகு என் மனைவி அங்கே கட்டிவந்த நகைச்சீட்டை நிறுத்திவிட்டோம். அது தப்பா?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

கோழைத்தனம் என்று எழுதியது அவசரம். நானும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

விளம்பரத்தைப் பார்க்காதவர்களுக்காக: ஒரு முஸ்லிம் வீட்டில் இந்து மருமகளுக்கு வளைகாப்பு. இந்தச் சடங்கு உங்கள் வீட்டில் கிடையாதே என்று மருமகள் கேட்கிறாள். மகளைச் சந்தோஷமாக வைத்துக்கொள்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டுதானே என்கிறார் மாமியார். மொத்தமே ஒரு நிமிடம் வராது. அதற்கு வந்த எதிர்ப்பில் நிறுவனம் சில நாட்களிலேயே படத்தை எடுத்துவிட்டது. ஊழியர்களின் நலனும் ஒரு காரணம் என்றார்கள். அது வெறும் சாக்கு அல்ல. குஜராத்தில் காந்திதாம் ஊர்க் கடையில் ஆட்கள் வந்து கேட்க, மன்னிப்பு எழுதி வாசல் கதவில் ஒட்டினார்கள். விளம்பரத்துக்குத் தலையாட்டியவர் ஏதோ ஒரு ஏசி அறையில் இருப்பார். வசவு வாங்குவது கவுன்டரில் நிற்கிறவர்.

நிறுவனங்களின் உபதேசத்தை நம்ப வேண்டாம் என்று நீங்கள் சொல்வதும் சரி. 2019இல் டெலிவரி கொண்டுவருகிறவர் இந்து இல்லை என்று ஒருவர் ஆர்டரை ரத்து செய்தபோது, உணவுக்கு மதம் இல்லை என்றது ஜொமாட்டோ. கைதட்டினோம், நானும்தான். அதே நிறுவனம் 2024 மார்ச்சில் சைவ உணவுக்கென்று தனி ஆட்கள், அவர்களுக்குப் பச்சைச் சட்டை என்று அறிவித்தது. அப்படியானால் வழக்கமான சிவப்புச் சட்டையில் வருகிறவர் அசைவக்காரர் ஆகிவிடுவாரே, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உள்ளேயே விட மாட்டார்களே என்று பலரும் கேட்டார்கள். மறுநாளே எல்லோருக்கும் சிவப்பு என்று மாற்றிவிட்டார்கள். இதில் கொள்கை எது, வியாபாரம் எது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. எல்லாக் கட்சிக்கும் கொடுக்கிறோம், கருத்துச் சொல்வதில்லை. கொடுப்பதே கருத்துதானே, கே.? நாளைக்கு ஒரு லைசென்ஸ், ஒரு கரண்ட் கனெக்‌ஷன் என்று போனால் முகம் தெரிந்திருக்கட்டும் என்றுதானே கொடுக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நானும் கொடுத்திருப்பேன்.

1957இல் டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தர வசதியாகத் தன் அமைப்பு விதிகளைத் திருத்த விரும்பியது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சக்ளா அனுமதித்தார், மனமில்லாமல். இளம் ஜனநாயகத்தைப் பணம் நெரித்துவிடும், நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எச்சரித்தார். அப்புறம் நடந்ததெல்லாம் கதவைத் திறப்பதும் மூடுவதும்தான். 1969இல் கம்பெனி நன்கொடைக்குத் தடை, 1985இல் மறுபடி அனுமதி, லாபத்தில் இத்தனை சதவீதம்தான் என்ற வரம்பு, 2017இல் அந்த வரம்பும் போயிற்று. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது.

2018இல் தேர்தல் பத்திரம் வந்தது. வங்கியில் பணம் கட்டி வாங்கி, பிடித்த கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கிற பத்திரம். ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில் மட்டும் விற்றார்கள். முதல் சுற்றிலேயே சென்னை உண்டு. ஆயிரம் ரூபாய் முதல் ஒரு கோடி வரை. பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது, எந்தக் கட்சிக்கு என்பதும் இருக்காது. பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்களை வாங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினார். புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் ஒரு ரகசிய எண் தெரிகிறது! குடிமகனுக்குத் தெரியாதது ஒரு விளக்குக்குத் தெரிகிறது.

உங்கள் நன்கொடைக்கு ரசீது உண்டு. அதில் உங்கள் பெயரும் தொகையும் இருக்கும். யார் வேண்டுமானாலும் கேட்டால் காட்டலாம். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத் திட்டத்தை ரத்து செய்து, விவரத்தை வெளியிடச் சொன்ன பிறகுதான் மற்றவர்களின் ரசீதைப் பார்த்தோம். பட்டியலில் முதலிடம் உங்கள் பக்கத்து ஊர்க்காரருக்கு. கோவையின் ஃபியூச்சர் கேமிங் லாட்டரி நிறுவனம் வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்கு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. ஆனாலும் அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் தேர்தல் ஆணையத்திடம் திமுகவே சொல்லியிருக்கிறது. மொத்தப் பத்திரங்களில் பெரும்பங்கு பாஜகவுக்குப் போனது. பத்திரம் வழியாகப் பணம் பெறாத கட்சி என்றால் மார்க்சிஸ்ட் கட்சி போன்ற சிலதான். திட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் அவர்களும் உண்டு.

அந்த ஐந்தாறு வருடமும் ஒரு கடை வாசலிலும் யாரும் போய் மன்னிப்பு எழுது என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பது, பெயரே தெரியாதே. ஒரு மாமியாரும் மருமகளும் பேசுகிற விளம்பரத்துக்கு நாம் கடை வாசலில் மன்னிப்பு எழுதி ஒட்ட வைத்தோம். அதனால்தான் ‘பேசாமல் இருந்தால் என்ன’ என்ற உங்கள் கேள்விக்கு ஆமாம் போட முடியவில்லை. விளம்பரத்தில் பேசினால் நீங்கள் திட்டலாம், வாங்காமல் இருக்கலாம். பெயர் தெரியாமல் கொடுக்கிற பணம் அப்படி அல்ல.

இனி நகைச்சீட்டு. நிறுத்தியது தப்பே இல்லை, உங்கள் பணம். ஒரு தகவல் மட்டும். தனிஷ்க்கின் தாய் நிறுவனமான டைட்டன், டாட்டாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. இன்றும் டிட்கோவின் பங்கு கால்வாசிக்கும் மேல், டாட்டாக்களைவிடக் கொஞ்சம் அதிகம். நீங்கள் கோபித்துக்கொண்டதில் நம் அரசுக்கும் ஒரு பங்கு போயிருக்கிறது.

இன்னொன்று. சீட்டுக் கட்டியவர் மனைவி என்று எழுதுகிறீர்கள். நிறுத்தும்போது மட்டும் ‘நிறுத்திவிட்டோம்’ என்று இருக்கிறது. அவரிடம் கேட்டீர்களா?