முதுகுக்குப் பின்னால் ஒரு தேர்ச் சத்தம்

கேள்வி: எங்கள் எம்.ஏ. ஆங்கில வகுப்பில் ஆண்ட்ரூ மார்வெலின் 'டு ஹிஸ் காய் மிஸ்ட்ரஸ்' கவிதையை 'உன்னதமான காதல் கவிதை' என்று நடத்தினார்கள். எனக்கென்னவோ, 'சீக்கிரம் சம்மதி, இல்லாவிட்டால் செத்த பிறகு புழு தின்னும்' என்று ஒரு பெண்ணை மிரட்டுவது போலத்தான் இருக்கிறது. இதில் காதல் எங்கே?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: புழு வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டீர்கள். இன்னும் இரண்டு வரி தாண்டியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பாதி வழக்கில் நீங்கள் ஜெயித்தாயிற்று. 'உன்னதமான காதல்' என்று வகுப்பில் சொன்னவர் தலைப்பைத் தாண்டிப் போனாரா என்று எனக்குச் சந்தேகம். தலைப்பிலேயே இரண்டு பள்ளங்கள் உண்டு. 17-ஆம் நூற்றாண்டுக் காதல் கவிதைகளில் 'மிஸ்ட்ரஸ்' என்றால் ஒருவன் காதலித்துக் கேட்கும் பெண், அவ்வளவுதான். இன்றைய கிசுகிசு அர்த்தம் அதில் இல்லை. 'காய்' என்றால் கூச்சம், பிடிகொடுக்காத தன்மை. (உள்ளே 'வெஜிடபிள் லவ்' என்று ஒன்று வரும். தலைப்பில் காய், உள்ளே காய்கறி என்று வகுப்பு சிரித்திருக்கும். அது செடிகொடி போல மெல்ல மெல்ல, பேரரசுகளைவிடப் பெரிதாக வளரும் காதல். சிரிக்க வைப்பதும் அவர் நோக்கம்தான்.)

கவிதை மொத்தம் 46 வரி. அமைப்பு அப்படியே வக்கீல் வாதம். முதல் 20 வரி: நமக்கு உலகமும் காலமும் வேண்டிய மட்டும் இருந்தால், பெண்ணே, உன் கூச்சம் குற்றமே இல்லை. நீ கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்கு, நான் இங்கிலாந்தில் ஹம்பர் ஆற்றோரம் உட்கார்ந்து புலம்புகிறேன். உன் கண்ணையும் நெற்றியையும் புகழ 100 வருடம், மார்பு ஒவ்வொன்றுக்கும் 200, மிச்சத்துக்கு 30,000. அடுத்த 12 வரி: ஆனால் காலம் இல்லை. கடைசி 14: ஆகவே, வா.

தர்க்கமாகப் பார்த்தால் இது ஓட்டை. மழை பெய்தால் தெரு நனையும் என்பது சரி; மழை பெய்யவில்லை, ஆகவே தெரு நனையவில்லை என்று சொல்ல முடியுமா? தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போயிருக்கலாமே. காலம் இருந்தால் கூச்சம் குற்றமில்லை என்பதிலிருந்து, காலம் இல்லாததால் கூச்சம் குற்றம் என்று வராது. மார்வெல் கேம்பிரிட்ஜில் படித்தவர், ஹல் நகரத்தின் பாராளுமன்ற உறுப்பினராக 1659 முதல் சாகும்வரை இருந்தவர். இந்த ஓட்டை அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

சாவைக் காட்டிச் சம்மதம் கேட்பது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. எல்லாரும் சாவைக் காட்டியதும் இல்லை. மார்வெலுக்கு முந்தைய கவிஞர் மார்லோவின் கவிதையில் ஆட்டிடையன் ஒருவன் 'என்னோடு வந்து வாழ், என் காதலியாக இரு' என்று பூப்படுக்கையும் கம்பளி உடுப்பும் தருவதாக அழைக்கிறான். சாவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அந்தப் பெண்ணின் பதிலாக வால்ட்டர் ராலே எழுதியதாகச் சொல்லப்படும் கவிதையும் 1600-இல் வந்த ஒரே தொகுப்பில் இருக்கிறது. சாவை எடுப்பவள் அவள்தான். பூ வாடும், உடுப்பு கிழியும், இடையன் நாக்கில் உண்மை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இளமை நிலைத்தால் வருகிறேன் என்கிறாள். அதாவது, நிலைக்காது, அதனால் வரமாட்டேன். எல்லாம் அழியும் என்ற அதே காரணத்தை மார்வெல் சம்மதத்துக்குப் பயன்படுத்துகிறார், இவள் மறுப்புக்கு. நாலடியாரைக் கேட்டால் இளமை நிலையாது, ஆகவே அறம் செய் என்பார்கள். சாவு எந்தக் கட்சிக்கும் சாட்சி சொல்லும்.

மார்வெல் காலத்து இன்னொரு கவிஞர் ஹெரிக்கை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடலாம். 'ரோஜா மொட்டுகளை இப்போதே பறித்துக்கொள்ளுங்கள், போய்க் கல்யாணம் செய்துகொள்ளுங்கள்' என்று கன்னிப் பெண்களுக்கு அறிவுரை சொன்னவர் டெவன் கிராமம் ஒன்றின் பாதிரியார். கடைசிவரை பிரம்மச்சாரி.

கவிஞர் ஜான் டன் விஷயம் வேறு. 'தி ஃப்ளீ' கவிதையில் ஒரு தெள்ளுப்பூச்சி காதலனையும் கடித்து அவன் காதலியையும் கடித்துவிட்டது. நம் ரத்தம் அதற்குள் கலந்தாயிற்று, இதுவே நம் கல்யாணப் படுக்கை, இதைக் கொன்றால் மூன்று கொலை என்கிறான். அவள் பேசுவதற்கு அந்தக் கவிதையில் ஒரு வரிகூட இல்லை. நகத்தில் வைத்து நசுக்கிவிடுகிறாள். இந்த வகைக் கவிதைகளில் எனக்குப் பிடித்த பெண் அவள்தான். (அவன் அப்போதும் விடுவதில்லை. பார்த்தாயா, பூச்சி செத்து உனக்கு ஒன்றும் குறையவில்லை, சம்மதித்தாலும் இதே அளவுதான் குறையும் என்று கட்சி மாறுகிறான்.)

விளையாட்டாக வாதாடிய அதே டன் 1601-இல் ஆன் மோர் என்ற பெண்ணை ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். வேலை போயிற்று, சிறைக்கும் போனார், பல வருடம் வறுமை. 1617-இல், பன்னிரண்டாவது பிரசவத்தோடு ஆன் இறந்தார். வயது 33. அதன் பிறகு மனைவியைப் பற்றி டன் எழுதிய 14 வரி சானெட்டில், அவள் இயற்கைக்குத் தன் கடைசிக் கடனைக் கட்டிவிட்டாள் என்று தொடங்குகிறார். அங்கே பூச்சியும் இல்லை, சாமர்த்தியமும் இல்லை. சாவு உண்மையாகவே வீட்டுக்குள் வந்த பிறகு அதை யாரிடம் காட்டி என்ன கேட்பது?

இப்போது உங்கள் மார்வெலுக்கு வருவோம். புழு, உன் கன்னிமை, உன் மானம் தூசியாகும், சரி. அடுத்த வரி: 'என் இச்சை முழுவதும் சாம்பலாகும்'. மிரட்டுகிறவன் இதைச் சொல்லமாட்டான். அதற்குச் சற்று முன்னால் பாருங்கள்: உன் பளிங்குக் கல்லறைக்குள் என் பாட்டின் எதிரொலி கேட்காது என்கிறான். காலத்தின் சிறகுள்ள தேர் விரைந்து வரும் சத்தம் எங்கே கேட்கிறது? 'என் முதுகுக்குப் பின்னால், எப்போதும்'. உன் முதுகு இல்லை. அவளைப் பயமுறுத்த எடுத்த ஆயுதம் அவன் கையையே அறுத்துவிட்டது. கல்லறை அருமையான, தனிமையான இடம்தான், ஆனால் அங்கே யாரும் தழுவிக்கொள்வதில்லை 'என்று நினைக்கிறேன்' என்ற அந்தக் குத்தல் சிரிப்பில்கூடப் பயம்தான் கேட்கிறது எனக்கு.

ஹம்பரையும் சும்மா தாண்ட முடியவில்லை. மார்வெலின் தந்தை 1641-இல் அந்த ஆற்றைக் கடக்கும்போதுதான் மூழ்கி இறந்தார். கவிதை அதைச் சொல்வதில்லை.

காதல் எங்கே என்று கேட்டீர்கள். பிரதிப்பெயர்களை எண்ணிப் பாருங்கள். முதல் பகுதியில் நீ அங்கே, நான் இங்கே. நடுவில் பாதி உலகம். 37-ஆம் வரியிலிருந்து எல்லாமே 'நாம்'. நம் பலத்தையும் இனிமையையும் ஒரே உருண்டையாக உருட்டி வாழ்வின் இரும்புக் கதவுகள் வழியே மோதிக்கொண்டு போவோம், சூரியனை நிறுத்த முடியாது, ஓடவாவது வைப்போம் என்கிறான். மென்மை துளியும் இல்லை; வேட்டைப் பறவைகளைத்தான் உவமை சொல்கிறான். ஒரே தேருக்கு முன்னால் ஓடும் இரண்டு பேர் என்று அவன் கடைசியில் கண்டுகொள்கிறான். அதைக் காதல் என்று சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். அவள் என்ன சொன்னாள் என்பது நமக்குக் கிடைக்கவில்லை. கவிதையே மார்வெல் இறந்து மூன்று வருடம் கழித்து, 1681-இல்தான் அச்சேறியது.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் 'என் முதுகு' என்பதை மறக்காமல் எழுதுங்கள். மதிப்பெண் குறைத்தால் விடைத்தாளின் நகலை எனக்கு அனுப்பி வையுங்கள்.