கோல்சக்கரில் (ரவுண்டானாவில்) யார் முதலில் போக வேண்டும்?

மயூர் விஹாரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கோவையிலிருந்து டெல்லிக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். தினமும் ஸ்கூட்டியில் ஐடிஓ தாண்டி, மண்டி ஹவுஸ் கோல்சக்கரைச் சுற்றி, பாரகம்பா ரோட்டில் வேலைக்குப் போகிறார். போன வாரம் அவர் வட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது இடது பக்கச் சாலையிலிருந்து ஒரு கார் நிற்காமல் உள்ளே நுழைந்துவிட்டது. சடன் பிரேக் போட்டதில் ஸ்கூட்டி சாய்ந்து முழங்கை சிராய்த்துவிட்டது. "நான் நேராக வருகிறேன், திரும்புகிற நீங்கள்தான் நின்றிருக்க வேண்டும்" என்று காரோட்டி சத்தம் போட, கூடி நின்றவர்களும் அதையே சொன்னார்களாம். "தப்பு என் மேலா சார்?" என்று கேட்கிறார்.

இல்லைம்மா. வட்டத்துக்குள் இருக்கிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. நுழைகிறவர்தான் நிற்க வேண்டும். 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அதற்கு முன் இருந்த 1989 விதிகளின்படி பார்த்தாலும், பிரதான சாலை என்று குறிக்கப்படாத சந்திப்பில் வலது பக்கம் வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். கோல்சக்கருக்குள் நுழைகிறவருக்கு, உள்ளே சுற்றுகிற வண்டிகள் எல்லாமே வலது பக்கத்திலிருந்துதானே வருகின்றன?

காரோட்டி சொன்ன விதி பொய்யில்லை, ஆனால் அது நாற்சந்திக்கு உரியது. அங்கே வலது பக்கம் திரும்புகிறவர், எதிரே நேராக வருகிறவருக்கு வழிவிட வேண்டும். கோல்சக்கரில் நேராக வருகிறவர் என்று ஒருவரும் கிடையாது. எல்லோரும் சுற்றித்தான் போகிறார்கள்.

என்னிடம் ஓட்டக் கற்க வரும் நம்மவர்களுக்கு நான் ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகன் கோயிலைத்தான் உதாரணம் காட்டுவேன். சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்க வலம் வருகிறோம் இல்லையா, கோல்சக்கரும் அப்படியே: நடுத்திட்டு எப்போதும் வலப்பக்கம். கிருத்திகை அன்று கூட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, புதிதாகப் படியேறி வருகிறவர் ஒரு நொடி நின்று, இடைவெளி பார்த்துத்தான் சேர்ந்துகொள்வார். வருகிறவர்கள் எல்லாம் இடித்துக்கொண்டு நுழைந்தால் சுற்றுகிறவர் நின்றுபோவார், அவருக்குப் பின்னால் வெளியேற வேண்டியவரும் நின்றுபோவார். ஏழு சாலைகள் கூடுகிற மண்டி ஹவுஸில் இது நடந்தால் ஏழு பக்கமும் அடைத்துக்கொள்ளும். பிரிட்டனில் இதே சிக்கல் இருந்தது. 1966-ல் உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என்று விதி செய்த பிறகுதான் அங்கே ரவுண்டானாக்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின.

சரி, உரிமை உங்களுடையது. ஆனால் எதிராளி மதிக்காவிட்டால் விழுகிறது நீங்கள்தான், அதனால் ஓட்டும் முறையையும் சொல்கிறேன். முதல் சாலையிலேயே வெளியேறுவதானால் இடது ஓரமாக நுழைந்து, இடது இண்டிகேட்டரோடு போய்விடலாம். மூன்றாவது, நான்காவது சாலை என்றால் சற்று உள்பக்கம் தள்ளியே சுற்றுங்கள். ஒவ்வொரு நுழைவாயைத் தாண்டும்போதும் இடது பக்கம் நிற்கிற காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். ஓட்டுநரின் முகத்தை நம்ப வேண்டாம். முகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் உருளத் தொடங்கியிருக்கும். உருண்டால் ஹாரன், கூடவே பிரேக்கில் விரல்.

வெளியேறும் இடத்தில்தான் விபத்து அதிகம் பார்த்திருக்கிறேன். உள்பக்கத்திலிருந்து ஒரே வெட்டாக இடது பக்கம் பாய்கிறார்கள். உங்கள் சாலைக்கு முந்தைய சாலையைத் தாண்டியதுமே இடது இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடி பார்த்து, அப்புறம் இடது தோளுக்கு மேல் ஒரு முறை தலையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத பைக் அங்கேதான் இருக்கும். இடம் கிடைக்கவில்லையா, விட்டுவிட்டு இன்னொரு சுற்று வாருங்கள். அரை நிமிடம் கூடப் போகும், அவ்வளவுதான்.

பஸ் பக்கத்தில் போகவே போகாதீர்கள். நீளமான பஸ் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். சுற்றும்போது பஸ்ஸுக்கும் நடுத்திட்டுக்கும் இடையே இருந்தாலும் ஆபத்து, அது வெளியேறும்போது அதன் இடது பக்கம் இருந்தாலும் ஆபத்து.

சிக்னல் இருக்கிற கோல்சக்கரில் சிக்னல் சொல்வதுதான் சட்டம். போலீஸ்காரர் கை காட்டினால் சிக்னலையும் மீறி அவர் சொல்வதுதான். ஆம்புலன்ஸுக்கு எந்த உரிமையும் பார்க்காமல் ஒதுங்கிவிடுங்கள், மறித்தால் மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி அபராதமே 10,000 ரூபாய்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மண்டி ஹவுஸுக்குப் போய் ஐந்து சுற்று வாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் வேறொரு சாலை வழியாக வெளியேறிப் பழகுங்கள். முழங்கை ஆறிய பிறகு போனால் போதும்.