ரெஃபரன்ஸுக்கு யார் பெயரைக் கொடுப்பது? மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது?

கேட்டவரின் நிலைமை இது: மூன்று வருடமாக ஒரே கம்பெனி. இப்போது வேறு இடத்தில் விண்ணப்பித்திருக்கிறார், அங்கே இரண்டு ரெஃபரன்ஸ், அதாவது அவரைப் பற்றி விசாரிக்க இரண்டு பேரின் பெயர், கேட்கிறார்கள். நேரடி மேலாளரோடு முகம் கொடுத்துப் பேசும் நிலை இல்லை. மாமா ஒருவர் வங்கியில் பெரிய பதவியில் இருக்கிறார், அவர் பெயரைப் போட்டுவிடலாமா என்கிறார்.

போடாதீர்கள். நான் கோவையில் எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது ரெஃபரன்ஸ்களைக் கூப்பிட்டுப் பேசுவதும் என் வேலைதான். நாங்கள் கேட்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: இவர் உங்களிடம் எந்த வேலை பார்த்தார், எவ்வளவு காலம், யாருக்கு ரிப்போர்ட் செய்தார், நெருக்கடியில் எப்படி நடந்துகொண்டார், எதில் இன்னும் தேற வேண்டும், வாய்ப்பு வந்தால் திரும்ப எடுப்பீர்களா. இதில் ஒன்றுக்காவது உங்கள் மாமாவால் பதில் சொல்ல முடியுமா? "சின்ன வயசுலேர்ந்து தெரியும் சார், தங்கமான பையன்" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் எனக்கு அது உதவாது. எம்.எல்.ஏ. லெட்டருக்கும், அப்பாவின் நண்பரான தாசில்தார் பெயருக்கும் இதே கதிதான்.

பதவியைப் பார்த்து ஆளைத் தேடுவதுதான் நம் ஊரில் பலருக்கும் பழக்கம். என் அனுபவத்தில் பயன்படுவது, உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மட்டுமே. ஒரு உதாரணம் சொல்கிறேன். மெர்ச்சண்டைசர் வேலைக்கு (பையரின் ஆர்டரை எடுத்து, சரக்கு போய்ச் சேரும்வரை பின்தொடரும் வேலை) ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார், முன்பு திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனியில் இருந்தவர். இரண்டு பெயர் கொடுத்திருந்தார். முதல் பெயர் ஜெனரல் மேனேஜர். ஒரு நிமிடம் கூடப் பேசவில்லை, "நல்ல பொண்ணு, ஒர்க் எல்லாம் ஓகே" என்று முடித்துக்கொண்டார். இரண்டாவது, சாம்பிள் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்ட மாஸ்டர். இங்கிலீஷ் வராது, பதவியும் பெரிதில்லை. ஆனால் அவர் சொன்னார் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்): "பையர் 180 ஜிஎஸ்எம் கேட்டிருந்தாங்க. டையிங்லேர்ந்து துணி வந்ததும் எல்லாரும் கட்டிங்குக்கு அனுப்பச் சொன்னாங்க. இந்தப் பொண்ணு மட்டும் ரவுண்ட் கட்டரை எடுத்துட்டு வந்து ரோலுக்கு ரோல் வெட்டி எடை போட்டுப் பாத்துச்சு. 165தான் இருந்துச்சு. அன்னிக்கு நிறுத்தலேன்னா மொத்த ஆர்டரும் போயிருக்கும்." அந்தப் பெண்ணை எடுக்க எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஜெனரல் மேனேஜர் கெட்டவர் இல்லை, அவருக்கு அந்தப் பெண்ணின் வேலை தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே, "இவர் என்னைப் பற்றி ஒரு சம்பவமாவது சொல்வாரா?" என்று ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுப் பாருங்கள். தினமும் உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்த டீம் லீட், நீங்கள் அடிக்கடி போய் நின்ற வேறு துறையின் தலைவர், உங்களோடு மாதக்கணக்கில் பேசிய கிளையன்ட் தரப்பு ஆள், இவர்கள் எல்லாரும் சரியான ரெஃபரன்ஸ்தான். உங்களுடன் ஒரே நிலையில் இருந்தவரை இரண்டாவது பெயராகக் கொடுக்கலாம், இரண்டுமே அப்படி இருக்கக் கூடாது. நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்தீர்களோ அந்த சீனியர் இப்போது வேறு கம்பெனிக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை. அவருடைய இப்போதைய ஆபீஸ் மெயிலைக் கொடுத்து, "அப்போது என் டீம் லீடாக இருந்தார்" என்று பக்கத்தில் எழுதுங்கள். பல கம்பெனிகள் ஜிமெயில் முகவரியை ஏற்பதில்லை, யார் வேண்டுமானாலும் ஒன்றை உருவாக்கிவிடலாம் என்பதால். ஆபீஸ் மெயில் கொடுக்க அவருக்குத் தயக்கம் என்றால் லிங்க்ட்இன் பக்கத்தையாவது சேர்த்துக் கொடுங்கள்.

இனி மேலாளர் விஷயம். படிவத்தில் "ரிப்போர்ட்டிங் மேனேஜர்" என்றே கட்டாயமாகக் கேட்டிருந்தால் அவர் பெயரை மறைக்க வேண்டாம். எச்.ஆரிடம் முன்கூட்டியே இரண்டே வரியில் சொல்லுங்கள்: "கடைசி ஒரு வருடம் எங்களுக்குள் வேலை சம்பந்தமாகக் கருத்து வேறுபாடு இருந்தது. என் அன்றாட வேலையை அதிகம் பார்த்தவர் டீம் லீட், அவரிடமும் பேசுங்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். மேலாளரைத் திட்ட ஆரம்பித்தால் கேட்பவர் உங்களைத்தான் எடைபோடுவார். நாங்களும் ஒரே ஆள் சொன்னதை வைத்து முடிவெடுப்பதில்லை. இன்னொன்று, பணியில் உரசல் இருந்த மேலாளர்கள்கூட போனில் பெரும்பாலும் நிதானமாகத்தான் பேசுகிறார்கள். ராஜினாமா கொடுத்த பிறகு ஒரு நாள் நேரில் போய், "சார், என் பேர் ரெஃபரன்ஸுக்கு வந்தா என்ன சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். தெரியாமல் மாதக்கணக்கில் பயந்துகொண்டிருப்பதற்குக் கேட்டுத் தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

ஆனால் ராஜினாமாவுக்கு முன்னால் இந்தப் பேச்சே வேண்டாம். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை, இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் இருக்கும் யாரையும் தொடர்புகொள்ள வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லலாம். நிறைய படிவங்களில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டு மூன்று மாத நோட்டீஸ் பீரியட் சாதாரணமாகிவிட்ட நம் ஊரில் இது நியாயமான கோரிக்கை, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நண்பனை மேலாளராக நடிக்க வைப்பது, காசு வாங்கிக்கொண்டு அனுபவச் சான்றிதழ் தரும் "கன்சல்டன்சி"களிடம் போவது, இந்த இரண்டையும் கனவிலும் நினைக்காதீர்கள். நாங்கள் ரெஃபரன்ஸைக் கூப்பிடுவது ஒரு பக்கம். பின்னணிச் சரிபார்ப்பு இன்னொரு பக்கம் தனியாக நடக்கும். அதற்கென்று உள்ள ஏஜென்சி, நீங்கள் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, பழைய கம்பெனியின் எச்.ஆர். துறைக்கே எழுதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி எல்லாவற்றையும் கேட்கும். 2014இல் பி.எஃப். கணக்குக்கு யுஏஎன் எண் (கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே எண்) வந்த பிறகு, பி.எஃப். பிடித்த ஒவ்வொரு கம்பெனியும் நீங்கள் சேர்ந்த, விலகிய தேதிகளோடு ஒரே இடத்தில் தெரிகிறது. வேலையில் சேர்ந்து சில மாதம் கழித்துப் பொய் தெரியவந்து, அன்றே வெளியே அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். திறமைசாலிகள் அவர்கள். பார்க்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆளை முடிவு செய்த பிறகு, அவரிடம் கேட்காமல் பெயரைக் கொடுக்காதீர்கள். கேட்கும் முறையும் முக்கியம். நம்மவர்கள் முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்ல மாட்டார்கள். "அதுக்கென்ன, குடுத்துக்கோ" என்று பாதி மனதோடு சொல்லிவிட்டு, நாங்கள் கூப்பிடும்போது மழுப்புவார்கள். அதனால் மறுக்க வழி வைத்துக் கேளுங்கள்: "அண்ணா, இந்த மாதிரி ஒரு வேலைக்குப் போட்டிருக்கேன். உங்க பேரைக் குடுக்கறது உங்களுக்குச் சௌகரியப்படுமா, இல்ல வேற யாரையாவது கேட்டுக்கட்டுமா?" உற்சாகமாக ஒத்துக்கொண்டால் சரி. "பாக்கலாம்பா" என்று இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பாருங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஒத்துக்கொண்டவருக்கு உங்கள் ரெஸ்யூமையும் வேலை விவரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இருவரும் சேர்ந்து செய்த இரண்டு மூன்று வேலைகளை நினைவுபடுத்துங்கள். அவருக்குக் கீழே இதுவரை எத்தனையோ பேர் வேலை பார்த்திருப்பார்கள், நீங்கள் செய்ததெல்லாம் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், மனப்பாடம் செய்த பதில் கேட்டவுடனே தெரிந்துவிடும். எந்த வாரம் கூப்பிடுவார்கள், எந்த ஊர் எண்ணிலிருந்து வரும் என்பதையும் சொல்லி வையுங்கள். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று நாள் முழுக்க அழைப்பு வருகிற காலத்தில் தெரியாத எண்ணை யாரும் எடுப்பதில்லை. ரெஃபரன்ஸ் போனை எடுக்காததாலேயே ஆஃபர் வாரக்கணக்கில் தள்ளிப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களுடைய எண்களை நௌக்ரி போன்ற தளங்களில் ஏற்றும் ரெஸ்யூமில் போடுவதும் வேண்டாம். அந்த ஃபைல் எத்தனை கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. கேட்கும்போது தனியாகக் கொடுத்தால் போதும்.

படித்து முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போகிறவர்கள் புராஜெக்ட் கைடு, இன்டர்ன்ஷிப்பில் வேலை சொல்லிக்கொடுத்தவர், என்எஸ்எஸ் அலுவலர் என்று கொடுக்கலாம். உங்கள் பெயரே சரியாகத் தெரியாத பிரின்சிபாலைக் காட்டிலும், புராஜெக்டில் உங்களோடு லேபில் உட்கார்ந்த உதவிப் பேராசிரியர் மேல்.

அரசு வேலை வேறு கணக்கு. மத்திய அரசுப் பணிக்குத் தேர்வானால் நிரப்பச் சொல்லும் அட்டெஸ்டேஷன் படிவத்தில், உங்கள் பகுதியில் உள்ள பொறுப்பான இருவர் அல்லது உங்களை அறிந்த இருவரின் பெயரைக் கேட்பார்கள். அங்கே பார்ப்பது நடத்தையை, வேலைத் திறமையை இல்லை. சொந்தக்காரர் அல்லாத, உள்ளூரிலேயே இருக்கிற, போலீஸ் விசாரிக்க வந்தால் வீட்டில் இருக்கக்கூடிய ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். தவறான தகவல் கொடுத்தால் தகுதி இழப்பு என்ற எச்சரிக்கை அந்தப் படிவத்திலேயே இருக்கிறது. நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். அங்கே என்எச்எஸ் (அந்த நாட்டு அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகள் குறைந்தது கடைசி 3 வருட வேலை அல்லது படிப்புக்கு ரெஃபரன்ஸ் கேட்கும். ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையை விட்டு வரும்போதும் வார்டு இன்சார்ஜின் ஆபீஸ் மெயிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடத்தில் தினமும் உங்கள் வேலையைப் பார்த்த டீம் லீட் என்று ஒருவர் இருந்திருப்பார். அவர் கம்பெனியை விட்டுப் போயிருந்தால் இன்னும் வசதி, நீங்கள் வேலை தேடுவது உள்ளே யார் காதுக்கும் போகாது. இரண்டாவது பெயருக்கு கிளையன்ட் பக்கம் அல்லது வேறு துறையில் ஒருவரைப் பாருங்கள். கிளையன்ட் என்றால், கம்பெனி விதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்று வேலை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருவரிடமும் இந்த வாரமே பேசிவிடுங்கள், படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம். முடிவு எதுவானாலும் இருவருக்கும் போன் செய்து சொல்லுங்கள். நாங்கள் அவர்களுக்குத் தகவல் சொல்வதில்லை, என்ன ஆயிற்று என்று அவர்கள் பாட்டுக்குக் காத்திருப்பார்கள்.