நாடக வரலாற்றைத் தனியாளாகப் படமாக்குதல்: கேள்வி பதில்

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் பாட்டும் தர்க்கமுமாக விடிய விடிய நடக்கும் ‘ஸ்பெஷல் நாடக’த்தின் கலைஞர்களைப் பற்றி இருபது ஆண்டுகளாக எந்த நிறுவனத்தையும் சாராமல் ஆவணப்படம் எடுத்துவருகிறேன். அந்த வேலையைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, இதை மட்டுமே நம்பிப் பிழைக்க முடியுமா? (காட்சித் தொடர்பியல் மாணவர், விழுப்புரம்)

முடியாது, தம்பி. படத்தொகுப்பு வேலையும் கல்லூரி வகுப்புகளும்தான் என் வீட்டு வாடகையைக் கொடுத்தன. பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் போன்ற அமைப்புகள் கலை ஆய்வுக்கு நல்கை தருகின்றன. விண்ணப்பத்தில் படத்தின் அழகைப் பற்றி எழுதுவதைவிட, யாரை, எந்த ஊரில், எதற்காகப் பதிவு செய்யப்போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

பழைய நாடகங்களுக்குப் படச்சுருளே இல்லாதபோது எதை ஆதாரமாகக் கொள்வது? (ஆய்வு மாணவி, தஞ்சாவூர்)

முதலில் நூல்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடகமேடை நினைவுகள்’, தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஆகிய இரண்டையும் பென்சிலும் கையுமாகப் படித்துவிடுங்கள். அடுத்தது நாடக நோட்டீஸ்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடகப் பாட்டுப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் பாதுகாக்கப்படுகின்றன. கலைஞர்களின் வீட்டுத் தகரப்பெட்டிகளிலும் கிடைக்கும். ஆண்டு அச்சிடப்படாத நோட்டீஸ் கையில் வந்தால் கைவிட்டுவிடாதீர்கள். அதில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை ஆகிய மூன்றும் இருந்தால், பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிட்டு, பொருந்தக்கூடிய ஆண்டுகளை இரண்டு மூன்றாகச் சுருக்கிவிடலாம். பிறகு அதில் நடித்தவர்களின் வயதே மீதியைச் சொல்லிவிடும்.

முதியவர்கள் கேமராவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது? (ஒளிப்பதிவாளர், கோவில்பட்டி)

பெரும்பாலும் நம் கேள்விதான் அவர்களை நிறுத்துகிறது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சிறுவர்களே எல்லா வேடமும் கட்டிய பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது பெண் வேடக்காரராக, வளர்ந்த பெரியவர் ஒருவரிடம், வள்ளி தினைப்புனம் காக்கும்போது பாடும் ஆலோலத்தைப் பாடிக்காட்டச் சொன்னேன். “எத்தனை கட்டையில்?” என்று சுருதியைக் கேட்டார். “எதுவானாலும் சரி, ஐயா” என்றேன். அதோடு அவர் வாயை மூடிக்கொண்டார். அரைமணி நேரம் ஒரு சொல்கூட வரவில்லை. பிறகு பேரனைப் பஜனை மடத்துக்கு அனுப்பி ஆர்மோனியத்தை வரவழைத்தார். இடது கையால் துருத்தியை அசைத்தபடி, வலது கையின் ஒற்றை விரலால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, “இது என் பதிமூன்று வயதுச் சுருதி, இப்போது எட்டாது” என்று சொல்லிவிட்டு, வெகுவாக இறக்கிப் பாடினார்.

அதற்குப் பின் அவர் சொன்னவையே படத்தின் உயிர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்பதால் உச்சக் கட்டையில் பாடிய பையன்களுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், பெண் வேடம் அன்றோடு போய்விடும். அவர் குரல் உடைந்த இரவுக்குப் பின் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த வேலை திரை இழுப்பது. “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று நான் கேட்டிருந்தால் இதில் ஒரு வரியும் வந்திருக்காது. தொழிலைக் கேளுங்கள்: சுருதி, சம்பளம், அரிதாரம், விடியற்காலைப் பசி.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பதைப் படத்தில் உண்மையென்று வைக்கலாமா? (தமிழாசிரியர், தூத்துக்குடி)

சொல்பவரின் முகத்தோடு வையுங்கள். பின்னணிக் குரலில் வைக்காதீர்கள். சுவாமிகள் 1867இல் பிறந்தார், 1922இல் மறைந்தார் என்பவை பின்னணிக் குரல் சொல்லக்கூடிய செய்திகள். அந்த ஒற்றை இரவு, மாணவர்கள் தம் ஆசானை எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதன் சான்று. இரண்டையும் கலந்துவிட்டால், பின்னால் வரும் ஆய்வாளர் எதையும் நம்ப முடியாமல் போகும்.

இரவு முழுதும் நடக்கும் நாடகத்தைத் தனியாளாக எப்படிப் பதிவு செய்கிறீர்கள்? (குறும்பட இயக்குநர், மதுரை)

பத்து மணி வாக்கில் தொடங்கி விடிய விடிய நடக்கும் நாடகத்தை முழுதும் எடுக்க எண்ணாதீர்கள். ஆனால் முழுதும் விழித்திருங்கள். ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட், பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை வாசிப்பவர்) என ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவு மேடையில் சந்திப்பதுதான் ஸ்பெஷல் நாடகம். ஆகவே நான் கேமராவை ஆர்மோனியக்காரருக்கு அருகில் வைக்கிறேன். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடேறும்போது, அடுத்த பாட்டு எது என்பது ஒரு கண்ஜாடையில் முடிவாவதை அங்கிருந்துதான் பிடிக்க முடியும். ஒலியை மைக் செட்டிலிருந்து நேராக எடுத்துக்கொண்டாலும், கூட்டத்தின் சிரிப்புக்கு வேறொரு மைக் கட்டாயம் வேண்டும்.

உரிமைச் சிக்கல் வருமா? (வழக்கறிஞர், திருச்சி)

சுவாமிகளின் பனுவலுக்கு வராது. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் எப்போதோ கடந்துவிட்டன. நிகழ்த்தும் கலைஞருக்குத் தனி உரிமை உண்டு என்பதால், எழுத்து வழி ஒப்புதல் வாங்குங்கள். எழுதத் தெரியாதவருக்குப் படித்துக்காட்டி, அதையும் ஒளிப்பதிவு செய்யுங்கள். நடுவே பபூன் பாடும் சினிமாப் பாட்டுதான் உண்மையான தலைவலி. அதற்காக நல்ல காட்சிகள் இரண்டை வெட்டியிருக்கிறேன், இன்றும் மனம் ஆறவில்லை.

படத்தில் சேராத பதிவுகளை என்ன செய்கிறீர்கள், அண்ணா? (நாடகக் கலைஞரின் மகள், புதுக்கோட்டை)

ஒரு மணி நேரப் படத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான மணி நேரம் கிடக்கிறது, தங்கச்சி. என்னைப் பொறுத்தவரை படத்தைவிட அதுவே பெரிய சொத்து. தொடக்க காலத்தில் மினி டிவி (MiniDV) வீடியோ கேசட்டுகளை ஈரம் கசியும் அறையில் வைத்ததால் மூன்று கேசட்டுகள் பூஞ்சை பிடித்து அழிந்தன. அவற்றில் இருந்த மிருதங்கக் கலைஞர் அப்போது உயிரோடு இல்லை. அதன் பிறகு எல்லாப் பதிவுகளையும் மூன்று பிரதிகளாக வைக்கிறேன்: ஒன்று என்னிடம், ஒன்று வேறொரு ஊரில், இன்னொன்று கலைஞரின் குடும்பத்திடம். உங்கள் அப்பாவின் பதிவு என்னிடம் இருக்குமானால், ஊரையும் அவர் கட்டிய வேடத்தையும் எழுதி அனுப்புங்கள்; வெட்டாமல் முழுதாக அனுப்பிவைக்கிறேன்.