கன்றுக் கழிச்சலும் டோரோ வைரஸும்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், பிறந்து பத்து நாள்கூட ஆகாத கன்று தண்ணீராகக் கழிகிறது. சாணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினால் டோரோ வைரஸ் என்று வந்திருக்கிறது. கேள்விப்பட்டதே இல்லையே, புதிதாகக் கிளம்பிய நோயா?

பதில்: புதிதே இல்லை. 1972-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், கழிச்சல் கண்ட ஒரு குதிரையின் ஆசனவாயிலிருந்து எடுத்த மாதிரியில் இது முதலில் சிக்கியது. அப்புறம் 1979-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிரீடா என்ற ஊரில் கன்றுகள் கடுமையாகக் கழிந்து விழுந்தபோது சாணத்தில் ஒரு வைரஸ் தென்பட்டது. இரண்டும் நெருங்கிய சொந்தம் என்பது பின்னால்தான் தெளிவானது. கொரோனாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் வெகுகாலம் அந்தக் குடும்பத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள், இப்போது டோபானிவிரிடே என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள்.

பிறகு ஏன் யாரும் பேசுவதில்லை என்றால், வெளியே தெரிகிற அடையாளத்தை வைத்து ரோட்டா, கொரோனா என்ற வேறு வைரஸ்கள் தரும் கழிச்சலிலிருந்து இதைப் பிரிக்கவே முடியாது, வழக்கமான பரிசோதனைகளில் பலவும் இதைத் தேடுவதும் இல்லை. வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பிசிஆர் முறையில் தனியாகத் தேடினால்தான் அகப்படும். போதாக்குறைக்கு, மாட்டு டோரோ வைரஸை ஆய்வகத்தில் வளர்க்கவே முடியாமல் பல வருடம் ஓடிவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை மனிதக் குடல் புற்றுச் செல்களில் வளர்த்துக் காட்டியது 2007-ல்தான்.

கேள்வி: சினையாக இருந்தபோதே தாய்ப் பசுவுக்குக் கழிச்சல் தடுப்பூசி போட்டோம். அப்படியும் கன்றுக்கு எப்படி வந்தது?

பதில்: அந்த ஊசிகள் வழக்கமாக ரோட்டா, கொரோனா வைரஸ்கள், ஈ.கோலை பாக்டீரியா ஆகியவற்றைக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. டோரோவுக்கு அதில் இடமில்லை. அதற்காக ஊசியே வீண் என்று அடுத்த முறை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் டோரோ பல நேரம் தனியாக வருவதில்லை, ஒரே சாணத்தில் ரோட்டாவும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணியும் சேர்ந்தே இருக்கும். கூட வருகிறவர்களைக் குறைத்தாலே கன்று பிழைக்க வாய்ப்பு கூடும்.

கேள்வி: கழிச்சல் நிற்க ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்கிறார்கள், பாலையும் நிறுத்தச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. கன்றுக்குக் காய்ச்சல், சாணத்தில் ரத்தம், ரத்தத்தில் கிருமி பரவிய அறிகுறி என்று ஏதாவது இருந்தால் மருத்துவர் போடுவார், அது வேறு கணக்கு. கழிகிறதே என்பதற்காக மட்டும் ஊசி என்றால் நான் வேண்டாம் என்பேன்.

கன்றைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பும் ரத்தத்தில் அமிலம் ஏறுவதும்தான். கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் நல்லது, சில விநாடி கூடாரம் போல நின்றால் நிலைமை சரியில்லை. கண்விழிக்கும் கீழ் இமைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா பாருங்கள். அப்புறம் சுத்தமான விரலை வாய்க்குள் விடுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து விரலைச் சப்பி இழுத்தால் உப்புக் கரைசலை வாய் வழியாகவே கொடுக்கலாம். வாய் சில்லிட்டு, சப்பாமல், எழுந்து நிற்கவும் முடியாமல் கிடந்தால் அது ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்ற வேண்டிய கன்று, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

40 கிலோ கன்று உடல் எடையில் 8 சதவீதம் நீரை இழந்திருந்தால் 3 லிட்டருக்கு மேல் பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். அன்றாடத் தேவையும், இன்னும் கழிந்து போவதும் அதற்கு மேல். ஒரு பாட்டில் புகட்டிவிட்டு ஓய்ந்துவிட்டால் எப்படிப் போதும்? பாலை நிறுத்தவே வேண்டாம். பட்டினி போட்டால் கன்று இளைக்குமே தவிர குடல் ஆறாது. சிறிது சிறிதாகப் பல வேளையாகக் கொடுங்கள். கரைசலைப் பாலில் கலக்காமல் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள், சில கரைசல்களில் உள்ள பைகார்பனேட் வயிற்றில் பால் செரிப்பதற்காகத் திரிவதைக் கெடுத்துவிடும்.

இன்னொன்று, டோரோ சிறுகுடலின் நடுப்பகுதியிலிருந்து பெருங்குடல் வரை போகிறது. உணவை உறிஞ்சும் மேல் செல்களோடு நிற்காமல், புதுச் செல்களை உண்டாக்கும் அடிக்குழிகளையும் தாக்குகிறது. அதனால் குடல் ஆற நேரம் பிடிக்கும், இரண்டே நாளில் கெட்டிச் சாணம் போடவில்லை என்று பதறி மருந்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

கேள்வி: அடுத்த கன்றுகளுக்கு வராமல் தடுக்க வழி இருக்கிறதா?

பதில்: வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை எப்போதோ இந்தத் தொற்றைச் சந்தித்து எதிர்ப்புப் பொருளோடுதான் இருக்கின்றன. வைரஸைத் தொழுவத்திலிருந்து துடைத்து எறிவது நடக்காத காரியம், ஆனால் அந்த எதிர்ப்புப் பொருள் சீம்பாலில் வருகிறதே, அதை விடாதீர்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர், பிறந்த சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். 24 மணி நேரம் கழிந்தால் குடல் அதை ரத்தத்துக்குள் விடாது. தொற்றையே தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன், நோய் முற்றாமல் இருக்க உதவும்.

கழிகிற கன்றைத் தனியே கட்டுங்கள், மற்ற கன்றுகளைக் கவனித்த பிறகு கடைசியாக அதனிடம் போங்கள். சாணத்தை வழித்துச் சோப்பு போட்டுக் கழுவாமல் கிருமிநாசினியை ஊற்றினால் பணம்தான் வீண். கழுவி, கிருமிநாசினி தெளித்து, தரையை நன்றாகக் காயவிடுங்கள்.

கேள்வி: கறவை மாடும் கழிகிறது, பாலும் குறைந்துவிட்டது. இதுவும் அதுவா?

பதில்: இருக்கலாம். ஜப்பானில் வளர்ந்த மாடுகள் மந்தையாகக் கழிந்து பால் குறைந்தபோது டோரோ கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முதலில் தீவன மாற்றத்தையும் கொரோனாவையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: எங்கள் பூனைக்கு வாரக்கணக்கில் கழிச்சல், கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு பாதிவரை மூடியிருக்கிறது. டோரோ என்று படித்தேன்.

பதில்: அது மூன்றாவது இமை. இப்படிக் கழிச்சலோடு இமை துருத்தி நின்ற பூனைகளில் டோரோ போன்ற வைரஸைக் கண்டதாகப் பதிவு உண்டு, ஆனால் அதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. பல பூனைகளுக்கு அது தானாகவே உள்ளே போய்விடும். குடல் புழுவையும் நீரிழப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கன்றைத் தொட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: வயிற்றுப்போக்கு வந்த மனிதர்களின் மலத்தில் டோரோ போன்ற துகள்களை 1984-ல் பார்த்திருக்கிறார்கள், ஆனால் மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்பதற்குச் சான்று கிடையாது. எனக்குக் கவலை அதே சாணத்தில் இருக்கக்கூடிய கிரிப்டோஸ்போரிடியமும் சால்மொனெல்லாவும்தான். அவை பிள்ளைகளைப் படுக்கவைத்துவிடும். கழிச்சல் நிற்கும்வரை அந்தக் கன்றிடம் பிள்ளைகளை விடாதீர்கள், பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவட்டும்.