அம்மாயி சொல்வது வேறு கதையா?

கேள்வி: சின்ன வயதில் எனக்குப் படிப்பித்த சிங்கள டீச்சர் ஒருவர் சிறுவர் கதை எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’ (குடைக் கள்ளன்) என்ற சிங்களப் படப் புத்தகத்தைப் பரிசாகத் தந்தார். அதே பிரதியைத்தான் இப்போது என் ஐந்து வயது மகள் பார்க்கிறாள். நான் வேலைக்குப் போனபிறகு பிள்ளை என் அம்மாவுடன்தான் இருக்கும். மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர், சிங்களம் நன்றாகப் பேசுவார், ஆனால் எந்த மொழியும் வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத் தன் இஷ்டத்துக்குச் சொல்கிறார், ஒரு நாள் சொன்ன மாதிரி மறுநாள் இல்லை. நான் உள்ளபடி வாசித்தால் மகள் “அம்மாயி சொன்னதுதான் சரி” என்று சண்டைக்கு வருகிறாள். அம்மாவுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
– வாசகி, கொட்டகலை

பதில்: சொல்லவே வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் “அப்படி இல்லம்மா, இப்படி” என்று ஒரு தடவை திருத்திப் பாருங்கள், அதோடு அவர் புத்தகத்தை மூடி வைத்துவிடுவார், பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் “எனக்கு என்ன தெரியும், நீயே வாசி” என்பதுதான் பதிலாக வரும்.

1956இல் வந்த புத்தகம் அது. கதையை எழுதியவரே படத்தையும் வரைந்தவர் என்பதால் எழுத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் படத்திலேயே இருக்கிறது. குடையே இல்லாத ஒரு கிராமம், மழை வந்தால் சனங்கள் வாழை இலையையும் கிழங்கு இலையையும் தலைக்குப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக் கடியோடு மழையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்த ஒருவருக்கு அந்தப் பக்கத்தை யார் வாசித்துக் காட்ட வேண்டும்? அதை உங்களையும் என்னையும்விட அவர்தான் நன்றாகச் சொல்வார். அப்புறம் கிரி மாமா டவுனுக்குப் போய்க் குடை வாங்குகிறார், அது காணாமல் போகிறது, இன்னொன்று வாங்குகிறார், அதுவும் போகிறது, கடைசியில் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்துக் குடைக்குள் போட்டு வைத்து, விழுந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே போனால் கள்ளன் ஒரு குரங்கு. (லயத்து வீட்டுக் கூரையில் ஓடும் குரங்குகளைப் பற்றி உங்கள் அம்மா என்னென்ன சேர்த்திருப்பார் என்று கேட்க எனக்கே ஆசையாக இருக்கிறது.)

இன்னொன்றும் சொல்கிறேன். வெத்தசிங்க 2020இல் காலமாவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்த அவருடைய வேறொரு புத்தகத்துக்கு முடிவை எழுதும்படி பிள்ளைகளையே கேட்டார்கள், 1,250 முடிவுகளோடு அது கின்னஸ் சாதனையாகவும் ஆனது. கதை எழுதியவரே இவ்வளவு தாராளமாக இருந்திருக்கும்போது நாம் ஏன் காவல் நிற்க வேண்டும்?

ஆனால் நீங்கள் வாசிப்பதை நிறுத்தக் கூடாது. இரவில் நீங்கள் எழுத்தில் உள்ளபடி வாசியுங்கள், சிங்களத்தில் ஒரு வரி, தமிழில் அதன் அர்த்தம், பகலில் அம்மாயி தன் பாட்டுக்குச் சொல்லட்டும். மகள் சண்டைக்கு வந்தால் “சரி, அது எந்தப் படத்தில் இருக்கு, காட்டு” என்று கேளுங்கள். காட்டினால் அவள் சொன்னது செல்லும். காட்ட முடியாவிட்டால் அது அம்மாயியின் சொந்தச் சரக்கு என்று அவளுக்கே விளங்கும், அதனால் கதையின் ருசி குறையப் போவதில்லை. முடிந்தால் அம்மா சொல்வதை, அவருக்குச் சொல்லிவிட்டு, போனில் பதிந்து வையுங்கள். ஒன்றை மட்டும் அல்ல, வேறு வேறு நாட்களில் சொன்னதையெல்லாம்.

கேள்வி: பேரன் தினமும் ஒரே படப் புத்தகத்தைத்தான் வாசிக்கச் சொல்கிறான். எனக்கு அலுத்துவிட்டது, அவனுக்கு அலுக்கவில்லை. மூளைக்கு ஏதும் குறையா?
– தாத்தா ஒருவர், தலவாக்கலை

பதில்: ஒரு குறையும் இல்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதில்தான் அந்த வயதுக்குச் சந்தோஷம், திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதான் சொற்களும் மனதில் நிற்கும். அலுப்பு உங்களுக்குத்தான் என்றால் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து “நீ சொல்லு, நான் கேட்கிறேன்” என்று சாய்ந்து உட்காருங்கள்.

கேள்வி: என் பிள்ளைகள் பார்த்த படப் புத்தகங்களைப் பேரப்பிள்ளைகளுக்காகத் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். திறந்தால் எல்லாம் பூஞ்சணம். வெயிலில் காய வைக்கலாமா?
– நுவரெலியா வாசகர்

பதில்: நேர் வெயில் வேண்டாம், சாயம் வெளிறும், அட்டை வளையும். மழையில்லாத நாளில் காற்றோட்டமான நிழலில் பக்கங்களை விரித்து நிறுத்தி வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். ஈரத் துணியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், பூஞ்சணம் கடதாசிக்குள் இறங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் போனாலே பூஞ்சணம் பிடிக்கலாம், உங்கள் ஊரில் அது பெரும்பாலான நாட்களில் இருக்கும், மூடிய தகரப் பெட்டி அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளிச் சுவரை ஒட்டாத திறந்த தட்டு போதும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிசின் கசியும். மெல்லிய கடதாசியும் மாப்பசையும் இருந்தால் சரி. பேரப்பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் இன்னொரு தடவை மணந்து பாருங்கள், பூஞ்சண வாடை இருந்தால் இன்னும் இரண்டு நாள் காயட்டும்.